கிணற்றுக்கு முந்தைய வளைவு

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். ஐந்து வருடமாக உன்னிடம் பேசவில்லை. உன் கல்யாணத்தில்கூட மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, பந்தியில் சாப்பிட்டு, வெளியாள் மாதிரி மொய் எழுதிவிட்டு வந்தவன் நான். அந்த வீறாப்பை இன்னும் பல வருடம் என்னால் இழுத்துக்கொண்டு போயிருக்க முடியும். எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை காலை, அவிநாசிபாளையத்து நிலத்தில் உன் பெரியப்பா போட்டிருக்கும் பந்தயப் பாதையை நீதான் முதல் சுற்று ஓட்டித் திறந்துவைக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்ன நேரத்திலிருந்து அது முடியவில்லை. இதற்கு முன் நான் உனக்கு எழுதியதெல்லாம் கோபத்தில் எழுதியது. இது பயத்தில் எழுதுவது. பாதியில் மடித்து வைத்துவிடுவாயோ என்று தோன்றுவதால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இருக்கும் என் வரைபடம் தப்பு. நீளவாக்கில் நூற்றுக்கு எட்டு கூடுதலாக இருக்கிறது. நேர்ப்பாதை முடிந்து திரும்பும் மேற்கு வளைவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் தொண்ணூறு அடி இருக்க வேண்டும். நீங்கள் போட்டிருப்பதில் பதினெட்டு அடிதான் இருக்கிறது. அந்த வளைவை உடைத்துப் பின்னுக்குக் கொண்டுவரும்வரை நீ அங்கே வண்டியை எடுக்கக் கூடாது. நீ மட்டுமில்லை, வேறு யாரையும் எடுக்க விடக் கூடாது.

இனி நீ எப்படி நம்புவாய் என்பதுதான் கேள்வி. ஆரம்பத்திலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள். ரேஸ் வண்டி என்ற ஒன்றை நான் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மொபெட்டில் நாற்பதைத் தாண்டினால் எனக்குத் தொடை நடுங்கும் என்பது உனக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்து நீ சிரித்திருக்கிறாய். இப்படிப்பட்டவன் உலகத்தில் இல்லாத பந்தயப் பாதைகளை இருபத்தைந்து வருடமாக வரைந்துகொண்டிருக்கிறான் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும். பௌதிகம் எம்.எஸ்ஸி. படித்தபோது வளைவில் திரும்பும் வண்டியைப் பற்றி ஒரு கணக்கு வரும். அதைப் போட்டு முடித்த நோட்டின் ஓரத்தில் ஒரு வளைவு வரைந்தேன். அதன் வாலில் இன்னொன்று, அப்புறம் ஒரு நேர்க்கோடு. கொஞ்ச நேரத்தில் பாதை சுற்றி வந்து தன் தலையிலேயே சேர்ந்துகொண்டது. அன்று பிடித்த பைத்தியம். கல்லூரியில் மூன்று வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்து, நிரந்தரம் ஆகாமல், பத்தாவதோடு நின்ற அண்ணனின் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக வந்து நின்றபோதும் அது போகவில்லை. வார நாட்களில் டி-சர்ட்டின் கழுத்தும் கையும் வரைவேன். ஞாயிற்றுக்கிழமை அதே தாளைத் திருப்பிப் போட்டு, நொய்யலை இரண்டு இடத்தில் தாண்டும் ஒரு பாதை, முதலிபாளையம் தொழிற்பேட்டையின் தெருக்களையே சுற்றி வரும் ஒரு பாதை என்று வரைந்துகொண்டிருப்பேன். அவற்றில் யாரும் ஓட்டப் போவதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்தத் தாள்களை எல்லாம் முழுதாகப் பார்த்த ஒரே ஆள் நீ. உனக்கு அப்போது ஆறு, ஏழு வயது. காலர் பனியனுக்கு வரும் பட்டன்களில் ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் எடுத்துவந்து, சிவப்பை நீயும் வெள்ளையை நானுமாக விரலால் தள்ளி ஓட்டுவோம். கொண்டை ஊசி வளைவு போட வேண்டியிருந்தால் காம்பஸைத் தேட மாட்டேன். நூல் சுற்றி வரும் அட்டைக் கூம்பு, காலியான கோன் ஒன்றை எடுத்து அதன் அகலமான அடியைத் தாளில் கவிழ்த்து வைப்பேன். நீ இரண்டு கையாலும் அதை அசையாமல் பிடித்துக்கொள்வாய், நான் சுற்றிப் பென்சில் ஓட்டுவேன். ஒருநாள் ஒரு வளைவுக்கு வெளியே நான் அகலமாக விட்டிருந்த வெற்று இடத்தைக் காட்டி, "ஏனுங்கப்பா, இங்க ஏன் ஒண்ணுமே வரையல?" என்று கேட்டாய்.

"அது சறுக்கி உழுகறவனுக்கு, கண்ணு."

"யாருங்க உழுகறது?"

"யாராச்சும் உழுகத்தான் செய்வாங்க. அவங்க எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டு ஊட்டுக்குப் போவோணுமில்ல?"

"செவப்பு பட்டன் உழுவாதுங்கப்பா. அத நானுதான ஓட்டறேன்."

எந்தப் பாதையிலும் நான் அதிக நேரம் உட்கார்ந்தது அந்த வெற்று இடத்துக்காகத்தான். எந்த வேகத்தில் வருகிறவன் எங்கே பிடியை விடுவான், எவ்வளவு தூரம் சறுக்கிக்கொண்டு போவான், அங்கே மரம் இருக்கிறதா, மதில் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போடுவேன். பயந்தாங்கொள்ளிக்கு வாய்த்த பொழுதுபோக்கு அது. வாழ்க்கையில் எனக்கு நடந்த எதையும் நான் முன்கூட்டிப் பார்த்துத் தடுத்ததில்லை. தாளிலாவது ஒருவன் விழும் இடத்தை முன்கூட்டித் தெரிந்துவைத்திருந்தேன்.

நிலத்தை அளந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். உனக்குப் பத்து வயது. அவிநாசிபாளையத்து நிலத்தில் பாதி எனக்கு வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம். பாகப்பிரிவினை என்று சொல்லாமலே உன் பெரியப்பா என்னிடம் கையெழுத்து வாங்கியதையும், கம்பெனியில் பங்கு தருகிறேன் என்று சொன்னதையும், சரக்கு வாங்க வெளிநாட்டு பையர்கள் வந்தால் "இவரு எங்க வாத்தியாருங்க" என்று என்னைக் காட்டிச் சிரித்ததையும் இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. அதையெல்லாம் நீ போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டுவிட்டாய். அன்று நம்மிடம் நூறு அடி டேப் ஒன்று இருந்தது. கிழக்கே கேட்டிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு முனையை நீ பிடித்துக்கொண்டு சோளத்தட்டைக்குள் ஓடினாய். நிஜமான ஒரு நிலத்துக்கு, நிஜமான அளவில் நான் வரைந்த ஒரே பாதை அதுதான். கிழக்கு வளைவிலிருந்து மேற்கு வளைவின் வெளிவிளிம்பு வரை தொள்ளாயிரம் அடி. அதைத் தாண்டிக் கிணறு. போர்வெல் போட்ட பிறகு யாரும் எட்டிப் பார்க்காத, கைப்பிடிச் சுவர் உள்ளே சரிந்துபோன, அடியில் பாறை மட்டும் தெரிகிற கிணறு. டேப் அங்கே முள்ளில் சிக்கிக்கொண்டதால், வளைவு வரும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, அங்கிருந்து கிணற்றடி வரை உன்னைத் தப்படி போட்டு எண்ணச் சொன்னேன். கிணற்றுப் பக்கம் போய் நின்று, "நாப்பத்தஞ்சுங்கப்பா" என்று கத்தினாய். "போதும், கிட்டப் போவாத" என்று நான் கத்தினேன். உன் தப்படிக்கு இரண்டு அடி. நாற்பத்தைந்து தப்படி போதுமா என்று அன்று முழுக்க யோசித்து, போதும் என்று முடிவு செய்தேன். நீ மறந்திருந்தால் இப்போது ஞாபகப்படுத்திக்கொள். இன்று அதே தப்படி போட்டால் ஒன்பதோடு நின்றுவிட வேண்டியிருக்கும்.

தப்பு எப்படி நுழைந்தது என்று சொல்கிறேன். இதை உன் அம்மாவிடம்கூட நேற்றுவரை சொன்னதில்லை. கம்பெனியில் பேட்டர்ன் வரைய கம்ப்யூட்டர் வந்த புதிது. கையால் வரைந்த தாளை ஒரு பலகையில் வைத்து, மூலைக்கு மூலை புள்ளி கொடுத்து உள்ளே ஏற்றினால், பிளாட்டர் என்ற பெரிய அச்சு மெஷின் வரைந்த அதே அளவில் அதைத் துப்பிவிடும். உனக்குப் பதினாலு வயது. "நம்ம பாதைய சுவருல ஒட்டற மாதிரி ஒரே தாளுல எடுத்துக் குடுங்கப்பா" என்று கேட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் யாரும் இல்லாத நேரம் உன்னைக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தேன். பனியன் துணியைத் துவைத்தால் நீளத்தில் சுருங்கும் என்பதும், எவ்வளவு சுருங்குமோ அதை முன்கூட்டியே பேட்டர்னில் சேர்த்துவிடுவோம் என்பதும் இப்போது அந்தக் கம்பெனியையே பார்த்துக்கொள்ளும் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சனிக்கிழமை ஓட்டிய டி-சர்ட் ஸ்டைலுக்கு நீளத்தில் நூற்றுக்கு எட்டு, அகலத்தில் ஒன்றும் இல்லை என்று ஷ்ரிங்கேஜ் கொடுத்திருந்தேன். அதை எடுக்காமலே நம் பாதையை ஓட்டிவிட்டேன். தொள்ளாயிரம் அடி, தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு ஆகிவிட்டது. கோனை வைத்து நான் வரைந்த வளைவு, இழுத்த ரப்பர் வளையம் மாதிரி மூக்கு நீண்டு கூர்மையாகிவிட்டது. நேர்ப்பாதை நீளமாகிவிட்டதால் வருகிறவன் இன்னும் வேகமாக வருவான். வளைவு கூர்மையானதால் இன்னும் மெதுவாகத் திரும்ப வேண்டியிருக்கும். தவறினால் நிற்க இடம் இருக்காது. துணி சுருங்கும் என்று நான் நீட்டியதை நீ சுருங்காத மண்ணில் போட்டுவிட்டாய்.

திங்கட்கிழமை காலை அடுத்த ஸ்டைலுக்காக மெஷினைத் திறந்தபோதே அந்த எட்டு என் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்தேன். அதற்குள் நீ அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, பக்கத்து வீட்டுப் பையன்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "எங்கப்பா போட்டா ஒரு நூல் தப்பாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். வாசலில் நின்று கேட்டேன். கம்பெனியில் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. சுவரில் ஒட்டியிருக்கிற படம்தானே, யார் ஓட்டப் போகிறார்கள் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து காபி கேட்டேன். உனக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக அறிவுரை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. தப்பு தெரிந்த நாளிலேயே சொல்லிவிடு. அன்று எனக்கு அரை நிமிட வெட்கத்தோடு முடிந்திருக்கும். இப்போது ஒன்பது வருடம் கழித்து, பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

கையால் வரைந்த மூலப்படமாவது இருந்திருந்தால் அதைக் கொண்டுவந்து உன் முன்னால் விரித்திருப்பேன். அதையும் நானே கிழித்தேன். இன்ஜினியரிங் சீட் கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ பெரியப்பா கம்பெனிக்குப் போன அன்று. நான் அவரோடு சண்டை போட்டு வெளியே வந்து, மண்ணரையில் ஒரு சின்ன பேட்டர்ன் ரூமில் வாடகைக்கு உட்கார்ந்திருந்த நேரம் அது. "உங்க சண்டைய நானும் போடோணுங்களா அப்பா?" என்று நீ கேட்டாய். நியாயமான கேள்வி. நான் பெட்டியைத் திறந்து, இருந்த படங்களை எல்லாம் உன் கண் எதிரில் கிழித்தேன். நீ உள்ளே போய், சுவரில் இருந்த பெரிய தாளைப் பதனமாகப் பிரித்து, சுருட்டி, அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய். சரியானதை எல்லாம் நான் அழித்தேன். தப்பான ஒன்றை நீ காப்பாற்றினாய்.

பதினெட்டு நாளுக்கு முன்னால் நான் நிலத்துக்கு வந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். என்ன நடந்தது என்று அவர்கள் சொன்ன விதத்தில்தான் கேட்டிருப்பாய். அன்று நீ அங்கே இல்லை. ஏதோ சாமான் வாங்க கோயம்புத்தூர் போயிருந்தாயாம். நம் படத்தை வைத்துத்தான் பாதை போடுகிறார்கள் என்று உன் அம்மா சொல்லி, மனசு கேட்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். தார் போட்டிருக்கவில்லை. ஜல்லி பரப்பி, ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மேஸ்திரி தெற்கத்திக்காரர், கேட்டிலேயே கையை நீட்டி மறித்தார்.

"யாரு சார்? உள்ள ஆளு விடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காவ."

"இந்தப் படத்த வரைஞ்சவன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பம் தம்பியோட அப்பா நீங்கதானா? நல்ல ஆளு சார் நீங்க. இந்த மேக்கு வளைவு கெணத்துக்கு ரொம்பப் பக்கமா வருதே, கொஞ்சம் உள்ள தள்ளிக்கிடலாமான்னு இன்ஜினியர் கேட்டாரு. தம்பி மசியவே இல்ல. எங்கப்பா வரைஞ்சது, ஒரு அடி நகட்டக் கூடாது, அவரு வச்சா காரணம் இருக்கும்னுட்டாரு. கெணத்துக்கு முன்னால ஒரு சொவரு எழுப்பிருவோம்னு மொதலாளி சொல்லிட்டாவ."

நான் நடந்துபோய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் எனக்கே புரியவில்லை. கிணற்றைக் கிட்டத்தில் பார்த்த பிறகுதான் அந்தத் திங்கட்கிழமையும் மெஷினில் இருந்த எட்டும் ஞாபகம் வந்தது. சுவர் எழுப்புகிறார்களாம். வேகத்தில் வருகிறவனுக்குக் கிணறு என்ன, பதினெட்டு அடியில் நிற்கும் சுவர் என்ன. சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் கார் வந்து நின்றது. உன் பெரியப்பா இறங்கினார்.

"வா வாத்தியாரே. நீ காயிதத்துல கிறுக்குனத நானு தாருல போடறேன், பாத்தியா?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னத்துக்கு மொறைக்கிற? கேட்டுல உம்பேர எழுதி ஒரு போர்டு வெக்கோணும்னு பையன் ஒத்தக் கால்ல நிக்கறான். வெச்சுப்போடலாமா? எழுத்து பெருசா வேணுமா, சிறுசா வேணுமா, நீயே சொல்லு."

அவர் கேலியாகத்தான் சொன்னார், அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. "எம்பட நெலத்துல எம்பேர வெக்கறதுக்கு நீங்க யாருங்கண்ணா?" என்றேன். அவ்வளவுதான். பிறகு பேசியதெல்லாம் கையெழுத்து, பத்திரம், செத்துப்போனவர்கள். மேஸ்திரியும் ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "தம்பி, உனக்கு வெயில் ஒத்துக்காது, ஊட்டுக்குப் போ" என்றார் அவர். நான் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வளைவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்கு அடுத்ததை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அவிநாசிபாளையம் தாண்டும்வரை என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? போடட்டும். தார் போட்டு, பந்தல் போட்டு, ஊர்ப் பெரிய மனிதர்களை எல்லாம் உட்கார வைத்துத் திறக்கட்டும். முதல் நாளே எவனாவது சுவரில் மோதட்டும். படிக்காதவன் போட்ட பாதை என்று நாலு பேர் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். இதை நான் நினைத்தேன். நினைத்ததில் ஒரு ருசிகூட இருந்தது. மோதுகிறவனுக்கு அந்த நினைப்பில் முகமே இல்லை, வெறும் பட்டன். ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி டீ சொன்னேன். கிளாஸைக் கையில் வாங்கியபோதுதான் அங்கே வண்டி ஓட்டுகிறவன் நீ என்று உறைத்தது. அப்போதாவது திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுபடியும் அந்தக் கேட்டில் போய் நின்று, அவர் முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்ல என் கால் வரவில்லை. இருபத்தைந்து வருடம் விழுகிறவனுக்கு இடம் ஒதுக்கியவன் நான். உன்னைக் கிணற்றோரம் விட்டுவிட்டு மண்ணரைக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தப் பதினெட்டு நாளாக எனக்கு உன்னை நினைத்துப் பயம், அதைவிட என்னை நினைத்துப் பயம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, திறப்பு வெள்ளிக்கிழமை என்று தெரிந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செல்போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டாள். பக்கத்தில்தான் நின்றேன், உன் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, பதிமூணு வருசமா அவருக்குப் பிடிச்ச படம். பெரியப்பா போட்டதும் அது தப்பாப் போச்சுங்களா? பைக் வாங்குனா செத்துருவேன்னாரு. கல்யாணத்துக்கு நாள் சரியில்லைன்னாரு. இப்ப இது. அவரைப் பேசாம இருக்கச் சொல்லுங்கம்மா." நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பிசகில்லை. பெரியப்பா பக்கம் போகிற எதையும் நான் ஆபத்து ஆபத்து என்று கத்தியிருக்கிறேன். நிஜமான ஆபத்து வந்தபோது சொல்ல என்னிடம் வேறு வார்த்தை மிச்சம் இல்லை. என் போனை நீ எடுப்பதில்லை. அம்மாவுக்கு ஷ்ரிங்கேஜைப் போனில் விளக்கத் தெரியாது. அதனால்தான் கடிதம். கம்பெனிக்கு அனுப்பினால் வேறு யாராவது பிரிப்பார்கள் என்று உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். உனக்குப் படிக்கப் பிடிக்கவில்லை என்றால் மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அந்தப் பெண்ணுக்கு என் மேல் இன்னும் கோபம் வந்திருக்காது. பந்தியில் என்னைத் தேடி வந்து, "மாமா, பாயசம் வெச்சுக்குங்க" என்று அவள் சொன்னதற்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

என்னை நம்ப வேண்டாம். ஒரு வேலை மட்டும் செய். உன் கோடவுனில் காலி நூல் கோன் ஆயிரம் கிடக்கும். ஒன்றை எடுத்துவா. அந்தத் தாளை விரித்து, மேற்கு வளைவின் மேல் கோனின் அகலமான அடியைக் கவிழ்த்து வை, சின்ன வயதில் பிடித்தாயே அதே மாதிரி. நாம் அந்த வளைவை வரைந்தது அதை வைத்துத்தான். அப்படியே பொருந்த வேண்டும். மேலும் கீழும் கோடு ஒட்டி நிற்கும். மேற்கு மூக்கில் மட்டும் ஒட்டாது. ஓர் அரிசி நீளத்துக்கு இடைவெளி விழும். அந்த அரிசி நீளம்தான் நிலத்தில் கூடிக்கூடி எழுபத்திரண்டு அடி ஆகியிருக்கிறது. அதன்பிறகு நிலத்துக்குப் போய், கேட்டிலிருந்து டேப்பை வைத்து அள. வளைவை எழுபத்திரண்டு அடி கிழக்கே கொண்டுவந்து, கோனின் அரைவட்டமாகவே திருப்பு. கிணற்றுக்கு முன்னால் கட்டிய சுவரை இடித்துவிட்டு, அந்தத் தொண்ணூறு அடியிலும் மணலைக் கொட்டு. வேறு எதையும் அங்கே வைக்காதே, விளம்பரப் பலகைகூட வேண்டாம். கிணற்றுக்கு மேல் கம்பி போட்டு மூடு. இரண்டு வார வேலை. திறப்பு தள்ளிப்போனால் பெரியப்பா கத்துவார். கத்தட்டும், தாங்கிக்கொள். "அப்பாவோட தப்பு" என்று சொல். என் பெயரைச் சொல்லியே சொல். அவர் சந்தோஷப்படுவார், இந்த ஒரு தடவை அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வயிறு எரியாது.

நீ புதிதாகக் குடும்பம் நடத்துகிறவன். வளைவுக்கு வெளியே கொஞ்சம் இடம் விட்டு வை. ஒரு கோபத்தில் ஒருவர் பிடி தவறிப் போனால், போய் நின்று, திரும்பி வர ஓர் இடம் வீட்டுக்குள் இருக்கட்டும். நான் தாளில் விட்ட அளவுக்கு நம் வீட்டில் விடவில்லை. உன் அம்மாவுக்கும் விடவில்லை, உனக்கும் விடவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தகுதி இல்லை.

இன்று திங்கட்கிழமை. உள்ளூர்த் தபால், புதன்கிழமை உனக்குக் கிடைத்துவிட வேண்டும். வியாழக்கிழமை சாயந்தரம்வரை அம்மாவின் போனுக்கு நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றால், வெள்ளிக்கிழமை விடிந்ததும் நானே நிலத்துக்கு வருவேன். கேட்டில் விட மாட்டார்கள் என்று தெரியும். தென்புற வேலியில் ஆடு நுழைகிற சந்து இன்னும் இருக்கிறது. அந்த வளைவுக்கும் சுவருக்கும் நடுவில், மிச்சம் இருக்கும் பதினெட்டு அடியில் வந்து நின்றுகொள்வேன். கூட்டம் சிரிக்கும், இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் நகர மாட்டேன். நீ வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோய் விடாதே, கண்ணு. ஐந்து வருடம் கழித்து இந்த வார்த்தையை எழுதுகிறேன். எழுதிவிட்டு இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

முடிக்கும் இடத்துக்கு வந்து, வழக்கம்போலப் பெயரையும் அதன் பின்னால் எம்.எஸ்ஸி.யையும் எழுதப் பேனாவை வைத்தேன். நீ திருப்பி அனுப்பிய என் கடிதங்கள் எல்லாவற்றின் உறை மேலும் அது இருந்தது; அதைப் பார்த்துத்தான் நீ திருப்பி அனுப்பினாய். வாழ்நாள் முழுக்க என் பெயரை எங்கே எழுத வேண்டும், யார் எழுத வேண்டும் என்றே சண்டை போட்டிருக்கிறேன். கேட்டில் அந்தப் பலகை வேண்டாம். இதிலும் வேண்டாம். இப்படியே மடித்து, அனுப்புநர் இடத்தை வெறுமையாக விட்டு, மருமகள் பெயருக்கு விலாசம் எழுதி, மூன்று மணித் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் போட்டுவிடுகிறேன். யார் எழுதியது என்று கோனைக் கவிழ்த்து வைக்கும்போது உனக்குத் தெரிந்துவிடும்.